புதுப்பிப்பு: ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ ரிஃப் ஏன் மந்தமாகக் கேட்கிறது?

டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இந்த 1972 பாட்டை வைத்து கிட்டாரில் ஹார்ட் ராக் பழகும் முறையை முன்பு எழுதியிருந்தேன். ரிஃப் என்பது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு. ‘நோட் சரி, ஒலி மட்டும் கலங்குகிறது’ என்று பலர் கேட்டிருந்தார்கள். முக்கியக் காரணம், தடித்த கம்பிகளில் பவர் கார்டாக (மூல ஸ்வரமும் அதன் பஞ்சமமும் சேர்ந்த ஒலி) வாசிப்பது.

குழுவின் அப்போதைய கிட்டாரிஸ்ட் ரிட்சி பிளாக்மோர் இதை டி, ஜி ஆகிய நடுக்கம்பிகள் இரண்டில் மட்டும் வாசிக்கிறார். ஃப்ரெட்டுகள் (கழுத்திலுள்ள உலோகக் கட்டைகளின் எண்; 0 என்றால் அழுத்தாத திறந்த கம்பி), மூன்று துண்டுகளாக: 0‑3‑5, 0‑3‑6‑5, 0‑3‑5‑3‑0. இரண்டு கம்பிக்கும் ஒரே ஃப்ரெட். ஒற்றை விரலைப் படுக்கவைத்தால் போதும். பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வேண்டாம். பிக் ஒரு கம்பியைத் தொட்டபிறகே அடுத்ததைத் தொடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சுண்டினால் இரண்டும் ஒரே கணத்தில் வெடிக்கும். அழகே அதில்தான்.

டி 147 ஹெர்ட்ஸ், ஜி 196 ஹெர்ட்ஸ். டிஸ்டார்ஷனில் (ஆம்ப் ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும்போது) இவற்றின் வித்தியாசமான 49 ஹெர்ட்ஸும் எழும். அது இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழுள்ள ஜி. இரண்டே கம்பியில் அவ்வளவு கனம் வருவது இப்படித்தான். கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) பாதிக்கு மேல் ஏற்றினால் அந்தத் தெளிவு போய்விடும்.

அடுத்த சிக்கல் திறந்த கம்பி. 3, 5இல் விரலைத் தளர்த்தினாலே ஒலி நிற்கும், 0இல் நிற்காது. சுண்டிய விரல்களையே உடனே கம்பிமேல் திரும்ப வையுங்கள்.

இரண்டாவது துண்டின் முதல் 0, தாளத்தின் நாலாம் தட்டுக்குப் பிந்தைய அரைத்தட்டில் விழும். தட்டிலேயே போட்டால் ரிஃப் நொண்டும். மெட்ரோனோமில் (தாளக் கருவி) நிமிடத்துக்கு 70 தட்டில் தொடங்கி, ஐந்தைந்தாக 110 வரை ஏற்றி, கடைசியில் 112க்கு வாருங்கள்.