நான் மட்டும் தண்ணீரைச் சேமித்து என்ன ஆகப்போகிறது?

வேளச்சேரிவாசி:
எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். ஒரே போர்வெல், வெயில் காலத்தில் லாரித் தண்ணீர். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து அதில்தான் வீடு துடைக்கிறேன். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த 2019 கோடையில் வந்த பழக்கம், இன்னும் விடவில்லை. ஆனால் கீழே இறங்கினால் ஒருவர் ஹோஸைத் திறந்துவிட்டு கார் கழுவுகிறார், தண்ணீர் கேட் வரை ஓடுகிறது. கேட்டால் "நானும்தானே மெயின்டனன்ஸ் கட்டுகிறேன்" என்கிறார். என் இரண்டு குடத்தால் யாருக்கு என்ன பயன்? மனது ஆறவில்லை.

கணக்குப்பிள்ளை:
நிறுத்தாதீர்கள். ஆனால் அவரைத் திட்டியும் பயனில்லை, ஏனென்றால் உங்கள் கட்டடத்தின் கணக்கே அப்படித்தான் இருக்கிறது. அவர் 100 ரூபாய்த் தண்ணீரைக் கொட்டினால் அவர் தலையில் விழுவது 4 ரூபாய் சொச்சம், மீதி மற்ற 23 வீட்டின் தலையில். நீங்கள் 100 ரூபாய்த் தண்ணீரை மிச்சம் பிடித்தாலும் உங்களுக்கு அதே 4 ரூபாய்தான். வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கக் கேளுங்கள். பழைய கட்டடம் என்றால் சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்று குழாய் தனித்தனியாக இறங்கும், ஒரு வீட்டுக்கே இரண்டு மூன்று மீட்டர் தேவைப்படும். எங்கள் இடத்தில் இதைப் பேசி முடிக்கவே எட்டு மாதம் ஆனது.

கண்மாய்க்கரை:
எனக்குச் சிவகங்கைப் பக்கம். குடிமராமத்து என்று தாத்தா சொல்வார், வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து கண்மாயில் வண்டல் அள்ள வேண்டும். யாருடைய நல்ல மனதையும் நம்பி அது நடக்கவில்லை. யார் வந்தார், யார் வரவில்லை என்பது ஊருக்கே தெரியும், அதனால்தான் நடந்தது. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் மடை திறப்பது என்பதை நீர்பாய்ச்சி பார்த்துக்கொள்வார். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் தலித் குடும்பத்தினர், கூலி நெல்லாகத்தான் கிடைக்கும். அதை மறைத்துவிட்டுப் பழைய முறையை மட்டும் புகழ என்னால் முடியாது. ஆனால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு விதி இருந்தது, அது உங்கள் கட்டடத்தில் இல்லை. எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் வாங்கியதும் இந்த மாதிரிப் பொதுச் சொத்துகளை மக்களே எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்ததற்குத்தான்.

மாடித்தோட்டம்:
மீட்டர் வரும்போது வரட்டும், முதலில் மழைநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினார்கள், கட்டிவிட்டு அப்படியே மறந்துபோன இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்களுடையதில் மேலே ஒரு முழம் சேறு, பால் கவர், காய்ந்த இலை. ஜல்லியை அள்ளி வெளியே போட்டுக் கழுவி மறுபடி கொட்டினோம், நாலு பேருக்கு ஒரு காலைப்பொழுது வேலை. தனியாகச் செய்யாதீர்கள், கதவைத் தட்டிக் கூப்பிடுங்கள்.

வேளச்சேரிவாசி:
எல்லோருக்கும் நன்றி. எங்கள் தொட்டி எங்கே இருக்கிறது என்றே பலருக்குத் தெரியவில்லை, பிளம்பரிடம் கேட்டேன். கார் நிறுத்தும் இடத்தில், கழுவினாரே, அவர் கார் நிற்கும் இடத்துக்கு அடியில்தான் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை காரை எடுக்கச் சொல்லி, அப்படியே ஒரு கை பிடிக்கவும் கூப்பிடப் போகிறேன்.