மணிக்கட்டு எலும்பு பிறவியிலேயே ஒட்டியிருக்கு, இந்த வலி வேற யாருக்காவது இருக்கா?

வலது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமா ரொம்ப நாளா வலி. கதவுக் குமிழைத் திருகினாலோ, கையை ஊன்றி எழுந்தாலோ சுரீர்னு இழுக்குது. முதல்ல பார்த்தவர் சுளுக்குன்னு அனுப்பிட்டார் (அடியே படலைன்னு சொல்லியும்!). எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் லூனேட், ட்ரைக்வெட்ரம்ங்கிற ரெண்டு எலும்பும் கருவிலேயே சரியா பிரியலைன்னு தெரிஞ்சுது. முழுசா ஒட்டியிருந்தா பெரும்பாலும் வலியே தெரியாதாம். எனக்கு அரைகுறையா ஒட்டினதுதான் வம்பு. இடையில இருக்கிற மெல்லிய குருத்தெலும்பு தேய்ஞ்சு, உரசுற இடத்துல எலும்புக்குள்ள நீர் கோத்திருக்கு.

ஸ்பிளின்ட் போட்டா குறையுது, கழற்றினா திரும்ப வருது. அடுத்து ஸ்டீராய்டு ஊசி, அதுக்கும் கேட்கலைன்னா ஸ்க்ரூ போட்டு ரெண்டையும் முழுசா இணைச்சிடலாம்ங்கிறார் டாக்டர். இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க சொல்லுங்க: கை பழையபடி மடங்குதா? பிடிமானம் எப்படி? ஊசியோடவே சமாளிக்கிறவங்களும் எழுதுங்க, ப்ளீஸ்.