மாட்லோவிச் கல்லறை, டேன் சோய்: நேர்ல பாத்தவங்க எழுதுங்க

வெர்ஜீனியாக்காரன்:
வாஷிங்டன்ல காங்கிரஷனல் செமட்ரில இருக்கிற லியோனார்ட் மாட்லோவிச் கல்லறைய பத்தி இங்க நெறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். வியட்நாமுக்கு மூணு தடவ போன ஏர்ஃபோர்ஸ் ஆபீசர், 1975-ல டைம் பத்திரிகை அட்டையில யூனிஃபார்மோட வந்து நான் 'கே', ஆம்பளைய விரும்புற ஆம்பளைன்னு சொன்னாரே, அவர்தான். எங்கப்பாவ கூட்டிட்டுப் போயிருந்தேன், அப்பா வேலூர் பக்கம், இந்தியன் ஆர்மில ஹவில்தாரா ரிடையர் ஆனவர். கறுப்பு கிரானைட் கல்லு, தலைப்புல பேருக்குப் பதிலா 'ஒரு கே வியட்நாம் வீரர்'னு மட்டும் இருக்கும், அப்புறம் அந்த வரி: ராணுவத்துல இருந்தப்ப ரெண்டு ஆம்பளைங்களக் கொன்னதுக்கு மெடல் குடுத்தாங்க, ஒரு ஆம்பளையக் காதலிச்சதுக்கு டிஸ்சார்ஜ் குடுத்தாங்க. அப்பா கண்ணாடி போட்டு முழுசா படிச்சார். என்ன சொல்லப்போறாரோன்னு நான் பயந்துகிட்டு நிக்கிறேன், அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "பன்னெண்டு வருஷ சர்வீஸ்னியே, பென்ஷன் குடுத்தானுங்களா?" 1980-ல திரும்பச் சேத்துக்கணும்னு கோர்ட் சொல்லிச்சு, ஏர்ஃபோர்ஸ் சேத்துக்காம 1,60,000 டாலர் குடுத்து செட்டில் பண்ணிடுச்சுன்னேன். "அது காசுடா. பென்ஷன் வேற"ன்னார். வீடு வர்ற வரைக்கும் வேற பேச்சே இல்ல.

தஞ்சாவூர்ப் பையன்:
ஆபீசர் இல்ல ப்ரோ, டெக்னிக்கல் சார்ஜென்ட். தயவுசெஞ்சு திருத்துங்க, ஏன்னா அவரு சாதாரண சிப்பாயா சேந்து மேல வந்தவர், ஏர்ஃபோர்ஸ்ல இன உறவு பத்தி கிளாஸ் எடுத்தவர், மாட்டிக்கிட்டு வெளிய வரல, கே ஆளுங்களுக்கு ராணுவத்துல இருந்த தடைய கோர்ட்ல சோதிக்கணும்னே தானா லெட்டர் எழுதிக் குடுத்தார். வாங்கின கேப்டன் ஒரு கறுப்பினத்தவர், இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டதுக்கு, ஸ்கூல்ல இனப் பிரிவினைய ஒழிச்ச அந்த 'பிரவுன்' கேஸ்தான்னு பதில் சொல்லிருக்கார். நான் ஒரு தடவ போனேன், செம மழை, கல்லைத் தொட்டுட்டு ஓடியாந்துட்டேன். போறவங்களுக்குச் சொல்றேன், பொட்டோமாக் அவென்யூ மெட்ரோல எறங்கி நடக்கலாம், வயசானவங்க இருந்தா கார்ல போங்க, உள்ள தரை மேடும் பள்ளமுமா இருக்கும், நல்ல ஷூ போட்டுக்கோங்க, நாய்ங்கள அவுத்து விட்டிருப்பாங்க, அம்மாமாருங்க பயந்துக்கவேணாம், அனுமதியோடதான் வருது. அதே வரிசையில எஃப்பிஐ தலைவரா இருந்த ஹூவர் கல்லறையும் இருக்கு, அதையும் பாத்துருங்க. தண்ணி பாட்டில் கண்டிப்பா வேணும்.

கே ஸ்ட்ரீட் வேலை:
ஆபீசர் கதை வேணும்னா டேன் சோய். வெஸ்ட் பாயிண்ட்ங்கிற அமெரிக்க ராணுவ அகாடமில படிச்ச லெப்டினன்ட், ஈராக் போனவர், அரபி தெரிஞ்சவர், கொரிய பாஸ்டர் வீட்டுப் பையன், 2009-ல டிவில நான் கேன்னு சொன்னதுக்கே வேலை போச்சு. 2010 மார்ச் 18 மத்தியானம் சாப்பிடப் போனவன் கூட்டத்தப் பாத்து ஒதுங்கி நின்னேன், ஒயிட் ஹவுஸ் வேலியில யூனிஃபார்மோட தன்னையே விலங்கு போட்டு மாட்டிக்கிட்டு நிக்கிறார். போலீஸ் பக்கத்துல வந்தப்பவும் ஒடம்பு வளையல, பரேட்ல நிக்கிற மாதிரியே நின்னார், எனக்கு அந்த முதுகு மட்டும் இன்னும் கண்ணுல நிக்குது. தன்னோட வெஸ்ட் பாயிண்ட் மோதிரத்த செனட்டர் ஹாரி ரீட் கிட்ட குடுத்து வெச்சிருந்தார், அதே வருஷம் டிசம்பர் 22 கேன்னு வெளிய சொன்னா ராணுவத்துல இருந்து தூக்குற சட்டத்த ரத்து பண்ண ஒபாமா கையெழுத்துப் போட்டதும் ரீட் திருப்பிக் குடுத்தார். அதோட அந்த ஊர்ல இந்தப் பிரச்சனை முடிஞ்சுது.

கோவை ராணி:
எங்கங்க முடிஞ்சுது? 2025 மே மாசம் திருநர்கள ராணுவத்துல இருந்து வெளியேத்தலாம்னு அவங்க சுப்ரீம் கோர்ட்டே வழி விட்டுச்சு. நம்ம பக்கம் 2018-ல ஒரே பாலின உறவ குத்தம்னு சொன்ன 377-வது பிரிவுல இருந்து விடுதலை கெடச்சுது, நாலே மாசத்துல அப்ப ராணுவத் தளபதியா இருந்த பிபின் ராவத் ஆர்மிக்குள்ள இத அனுமதிக்க மாட்டோம்னு பிரஸ்மீட்ல சொன்னார். அந்த நியூஸ் ஓடுறப்ப எங்க வீட்டு சோபால என் ஃப்ரெண்ட் உக்காந்திருந்தான், ஆபீசரா இருந்து தானா பேப்பர் போட்டு வந்தவன். எங்கம்மா தெரியாம, "நீ நல்ல வேளை வெளிய வந்துட்டப்பா, என்னென்னமோ பேசுறாங்க"ன்னாங்க. அவன், "ஆமாங்கம்மா"ன்னான். வெஸ்ட் பாயிண்ட் மோதிரம், செனட்டர்னு எழுதறீங்க சார், இவன் வெளிய சொல்லிட்டு நிக்கணும்னா பின்னாடி யாரு நிக்கிறது? அதுக்குப் பதில் இருந்தா எழுதுங்க.