அனுப்புநர் முகவரி சரியாகவே இருக்கிறது, இந்த மெயிலை நம்பலாமா?

கேள்வி
அப்பாவுக்கு நேற்றிரவு ஒரு மெயில் வந்திருக்கிறது. பல வருடமாக அவர் பயன்படுத்தும் ஆன்லைன் பேமென்ட் சேவையின் பெயரில், அவர் வாங்காத லேப்டாப்புக்கு ஒரு இன்வாய்ஸ். "இது நீங்கள் வாங்கியதில்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று ஒரு போன் நம்பர். எழுத்துப்பிழை இல்லை. லிங்க்கும் உண்மையான தளத்துக்குத்தான் போகிறது. அப்பா பதறிப்போய்விட்டார். அந்த எண்ணுக்குப் பேசலாமா?

பதில் 1
வேண்டவே வேண்டாம், முதலில் அவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். முகவரியில் அட் குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆங்கில ஆர், என் இரண்டும் ஒட்டி வந்தால் எம் மாதிரியே தெரியும். மெயில் வந்த வழியைக் காட்டும் ஹெடர் என்ற விவரப் பகுதியைத் திறந்து, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் பாஸ் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்; மெயில் அந்த முகவரிக்குரிய தளத்திலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் சோதனைகள் அவை.

கேட்டவர்
மூன்றுமே பாஸ். அப்படியென்றால் உண்மையான மெயில்தானே?

பதில் 2
மெயில் அந்தச் சேவையின் சர்வரிலிருந்தே வந்திருக்கிறது, அதனால்தான் எல்லாச் சோதனையும் பாஸ். ஆனால் அங்கே கணக்குத் தொடங்கிய எவரும் யாருடைய மெயிலுக்கும் இன்வாய்ஸ் அனுப்பலாம். அதில் விற்பவர் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. மோசடிக்காரர் தன் போன் நம்பரை எழுதுவது அந்தக் கட்டத்தில்தான். உங்கள் மெயிலிலும் நம்பர் எந்த இடத்தில் இருக்கிறது, பாருங்கள்.

இன்வாய்ஸ் என்பது பணம் கேட்பது மட்டுமே. நீங்கள் கட்டாதவரை ஒரு பைசா போகாது. என் சித்தி இப்படித்தான் அழைத்தார். "ரீஃபண்ட் தருகிறோம், ஒரு ஆப் போடுங்கள்" என்று அன்பாகப் பேசியே அவருடைய ஸ்கிரீனைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். இன்றுவரை தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

மெயிலில் எதையும் தொடாமல், ஆப்பை நீங்களே திறந்து பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள்.

கேட்டவர்
பார்த்தேன். பணம் எதுவும் போகவில்லை, "கட்டப்படவில்லை" என்றுதான் இருக்கிறது. நம்பரும் நீங்கள் சொன்ன அதே குறிப்புக் கட்டத்தில். ஆனால் அப்பா காலையிலேயே ஒருமுறை அழைத்துப் பேசியிருக்கிறார், இப்போதுதான் சொல்கிறார்.

பதில் 2
ஆப் ஏதாவது போட்டாரா, ஓடிபி, கார்டு எண் சொன்னாரா என்று கேளுங்கள், கோபப்படாமல். போட்டிருந்தால் நெட்டைத் துண்டித்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

கேட்டவர்
பெயர் மட்டும்தான் சொன்னாராம், அதற்குள் லைன் கட் ஆகிவிட்டது.

பதில் 2
நல்லவேளை. ஆனால் அவர் நம்பர் அவர்களிடம் இருக்கிறது, திரும்ப அழைப்பார்கள். இரண்டு நாளைக்குத் தெரியாத அழைப்புகளை நீங்கள் எடுங்கள்.