எம்1 என்று போட்டிருக்கிறதே, ஓடுமா?

ஆதி: மதி அக்கா, ஒரு சந்தேகம். சைபர்பங்க் 2077 கேம் மேக்கில் வந்திருக்கிறது இல்லையா? குறைந்தபட்சத் தேவை எம்1 சிப் என்று போட்டிருக்கிறார்கள். என்னுடையது எம்1 மேக்புக் ஏர்தான். வாங்கிவிடட்டுமா?

கவின்: வாங்குடா. தள்ளுபடி முடியப் போகிறது

மதி: இருடா, அவசரப்படாதே. எம்1 என்பதற்கு அடுத்த வரியைப் படித்தாயா?

ஆதி: மெமரி 16 ஜிபி

மதி: உன்னுடையது?

ஆதி: 8

மதி: அங்கேதான் இடிக்கிறது.

மாமா: இதற்குப் போய் கவலைப்படுவானேன்? ஒரு ரேம் வாங்கிச் சொருகினால் போச்சு. என் பழைய மேக்கில் பின்பக்கம் திறந்து நானே போட்டேன்.

மதி: அது இன்டெல் காலம் மாமா. 2020 கடைசியில் எம்1 வந்ததிலிருந்து மெமரி, சிப்போடு ஒட்டியே வருகிறது. பிறகு ஒரு ஜிபி கூடச் சேர்க்க முடியாது. வெளியே கிராபிக்ஸ் கார்டு மாட்டிக்கொள்ளும் வழியும் இந்த மேக்குகளில் இல்லை.

இன்னொன்று, விண்டோஸ் பிசியில் ரேம் தனி, கிராபிக்ஸ் கார்டின் மெமரி தனி. மேக்கில் இரண்டுக்கும் ஒரே தொட்டிதான். மேக்ஓஎஸ், குரோம், கேமின் டெக்ஸ்சர் (சுவர், தரை மேல் ஒட்டும் படங்கள்) எல்லாம் அந்த 8-க்குள் மொண்டுகொள்ள வேண்டும். அதனால் 16 என்று கேட்பதை நான் பேராசை என்று சொல்ல மாட்டேன்.

ஆதி: இல்லாவிட்டால் என்ன ஆகும்? கேம் திறக்கவே திறக்காதா?

மதி: ஒரு வேலை செய். ஆக்டிவிட்டி மானிட்டரைத் திற, மெமரி பக்கம் போ. கீழே ஒரு சின்ன வரைபடம் இருக்கும். அது என்ன நிறம்? பக்கத்தில் ஸ்வாப் யூஸ்டு எவ்வளவு?

ஆதி: மஞ்சள். ஸ்வாப் 3.1 ஜிபி

மதி: கேமே ஓடாமல்?

ஆதி: குரோம், வேர்ட், ஸ்பாட்டிஃபை. அவ்வளவுதான்

மதி: பார்த்தாயா. இப்போதே இடம் போதாமல், ஃபைல் சேமிக்கிற எஸ்எஸ்டியைத் தற்காலிக மெமரியாகப் பயன்படுத்துகிறது. அதுதான் ஸ்வாப். வேர்டில் அந்தத் தாமதம் உனக்குத் தெரியாது. கேமில் ஒரு தெருமுனை திரும்பும்போது புதிதாக நூற்றுக்கணக்கான டெக்ஸ்சர் வேண்டும், அப்போது படம் அப்படியே நின்று நின்று வரும். நொடிக்கு எத்தனை படம் என்கிற எஃப்பிஎஸ், சராசரியில் பார்க்க நன்றாக இருக்கும், விளையாடினால் கடுப்பாக இருக்கும்.

சித்தி: ஆதி, பரீட்சை முடிந்துவிட்டதா?

ஆதி: அம்மா இது சந்தேகம் மட்டும்தான்

கவின்: அக்கா, கிராஸ்ஓவர் என்ற ஆப் போட்டு விண்டோஸ் பதிப்பை ஓட்டினால்? என் நண்பன் எல்லா கேமும் அப்படித்தான் ஆடுகிறான்

மதி: எல்லா கேமும் ஆட மாட்டான், கேட்டுப் பார். அந்த வழியில் இரண்டு மொழிபெயர்ப்பு நடக்கிறது. இன்டெல் சிப்புக்கு எழுதிய கட்டளைகளை மேக்கில் இருக்கிற ரோசெட்டா ஆப்பிள் சிப்புக்கு மாற்றுகிறது. படம் வரைய விண்டோஸின் டைரக்ட்எக்ஸில் கேட்பதை ஆப்பிளின் மெட்டலுக்கு மாற்ற இன்னொரு அடுக்கு. ஆப்பிளே 2023-இல் கேம் போர்ட்டிங் டூல்கிட் என்று இதற்கு ஒன்றை வெளியிட்டது. உண்மையில் அது கேம் செய்பவர்கள் தங்கள் கேம் மேக்கில் எப்படி ஓடும் என்று சோதித்துப் பார்க்கக் கொடுத்தது. நம்மவர்கள் விடுவார்களா, ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

தனி ஆள் ஆடும் கேம் பல நன்றாகவே ஓடும், மறுக்கவில்லை. ஆனால் மாற்றுகிற வேலைக்கே மெமரியும் சிபியுவும் செலவாகும். 8 ஜிபிக்காரனுக்கு அது வழியே இல்லை, நிலைமை இன்னும் மோசமாகும். அப்புறம் வேலோரன்ட் கேம் மாதிரி, விண்டோஸின் அடிமட்டமான கெர்னல் வரை போய் உட்காரும் ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) இருந்தால் தொடவே முடியாது.

மாமா: எங்கள் காலத்தில் பூட் கேம்ப் இருந்தது. மேக்கிலேயே விண்டோஸ் போட்டு ஜம்மென்று ஆடினோம்.

மதி: ஆப்பிள் சிப்பில் அது கிடையாது மாமா.

மாமா: என் பழைய மேக் கேம்களும் ஒருநாள் அப்டேட் செய்ததும் மொத்தமாக நின்றுவிட்டன.

மதி: 2019-இல் கேட்டலினா வந்தபோதா? அந்த மேக்ஓஎஸ் பதிப்பில் பழைய வகை 32 பிட் ஆப்களை நிறுத்திவிட்டார்கள். ஒரே அப்டேட்டில் பழைய கேம் நூலகத்தையே காலி செய்தார்கள். கேம் கம்பெனிகள் மேக் பக்கம் வரத் தயங்கினால் அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆதி: சைபர்பங்க் விண்டோஸில் 2020 டிசம்பரில் வந்தது. மேக்குக்கு 2025 ஜூலை. ஏன் இவ்வளவு நாள்?

மதி: மொழிபெயர்ப்பு இல்லாமல் மேக்கிலேயே நேரடியாக ஓடும்படி, நேட்டிவாகக் கொண்டுவருவது வேறு வேலை. சிப்புக்குத் தகுந்தபடி திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும். நிறமும் நிழலும் வரையும் ஷேடர் என்ற சின்ன நிரல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், அவற்றை மெட்டலுக்கு மாற்றி ஒவ்வொன்றும் அதே நிறத்தில், அதே நிழலில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனையும் மேக்கில் ஆடுகிற கொஞ்சம் பேருக்காக. எனக்கு என்னவோ, கணக்குப் போட்டுப் பார்த்து ஒதுக்கி வைப்பார்கள் என்றுதான் தோன்றும். அப்புறம் எம்3-இல் ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கை ஹார்டுவேரிலேயே கொடுத்தார்கள், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்க மெட்டல்எஃப்எக்ஸ் இருக்கிறது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள். அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ் கேம் விண்டோஸில் வந்த அன்றே மேக்கிலும் வந்தது.

கவின்: சரி, 16 ஜிபி எம்1 ஏர் என்றால் நன்றாக ஓடுமா?

மதி: ஓடும். "நன்றாக" என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குறைந்தபட்சம் என்பதே 1080பி-யில் 30 எஃப்பிஎஸ் கணக்கு. 60 வேண்டுமென்றால் அவர்கள் பரிந்துரைப்பது எம்3 ப்ரோ, 18 ஜிபி. தவிர ஏரில் ஃபேன் இல்லை. முதல் சில நிமிடம் பறக்கும். பிறகு கீபோர்டின் மேல் வரிசைக்கு மேலே இருக்கிற தகடு நன்றாகச் சுடும், சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். யூடியூபில் மூன்று நிமிட வீடியோ போட்டு "ஏரில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது" என்பார்கள், நம்பாதே. அரை மணி நேரம் ஆடிக் காட்டுகிறவனைப் பார்.

ஆதி: இடமும் பார்த்தேன். 61 ஜிபிதான் காலி

மதி: போச்சு. ஸ்டீம் என்ற கேம் கடையில் வாங்கினால் 92 ஜிபி கேட்கும். ஆப் ஸ்டோரில் இன்னும் அதிகம், 159. வெளி எஸ்எஸ்டியில் ஸ்டீம் ஃபோல்டரை வைத்துக்கொள்ளலாம், அது ஒன்றுதான் பணம் கொடுத்துச் சரிசெய்யக்கூடிய குறை.

சித்தி: மதி, ஒன்று கேட்கிறேன். சின்னவளுக்கும் லேப்டாப் வாங்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் பழைய எம்2 ஏர் தருகிறேன் என்கிறார். எம்1-ஐ விடப் புதியதுதானே?

மதி: சித்தி, எம் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணை விடுங்கள், மெமரி எவ்வளவு என்று கேளுங்கள். 2024 அக்டோபர் வரை ஏரின் அடிப்படை மாடல் 8-தான், அதனால் கைமாறி வருகிறவற்றில் நிறைய 8 இருக்கும். 8 ஜிபி எம்2-வும் 16 ஜிபி எம்1-ம் ஒரே விலையில் வந்தால், கண்ணை மூடிக்கொண்டு எம்1-ஐ எடுப்பேன்.

சித்தி: அவள் கேம் ஆட மாட்டாள்

மதி: அவளுக்கும் குரோம் இருக்கிறதே சித்தி.

கவின்: கேம்தான் முக்கியம் என்றால் பேசாமல் விண்டோஸ் பிசி வாங்கலாம்

மதி: உண்மை. கேமுக்காக மட்டும் மேக் வாங்காதே என்றுதான் நானும் சொல்வேன். ஏற்கெனவே மேக் வைத்திருக்கிறவன் என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே கேள்வி.

ஆதி: அப்போது எனக்கு வழியே இல்லையா?

மதி: ஜிஃபோர்ஸ் நவ் என்ற கிளவுட் சேவையைப் பார். கேம் அவர்கள் சர்வரில் ஓடும், உன் ஏர் வீடியோவைக் காட்டினால் போதும். 1080பி-யில் 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் 25 எம்பிபிஎஸ் இணைய வேகம் கேட்கிறார்கள். வேகத்தை விட அது சீராக வருவது முக்கியம், 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போடு. நீ இருக்கிற இடத்தில் சேவை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.

அதனால்தான் சொல்கிறேன், வாங்கினால் ஸ்டீமில் வாங்கு. ஒரே காசில் விண்டோஸ், மேக், கிளவுட் மூன்றும். ஆப் ஸ்டோரில் வாங்கியது மேக்கோடு நின்றுவிடும். மேக்கில் ஒரு தடவை போட்டுப் பார்க்கும் ஆசை இருந்தால், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள், வாங்கி 14 நாளுக்குள் என்றால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். டவுன்லோடு ஆகும் நேரம் அந்த இரண்டு மணி நேரத்தில் சேராது.

கவின்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்

மதி: முதலிலேயே சொன்னால் 8 ஜிபியில் போட்டு, ஓடவில்லை என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எனக்கு போன் செய்வான்.

ஆதி: அக்கா, சேவை இருக்கிறது. இலவசத் திட்டத்தில் ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாம். வேகம் 40 காட்டுகிறது

சித்தி: ஒரு மணி நேரமா? அது நல்ல திட்டமாக இருக்கிறதே. அதையே வைத்துக்கொள்.