புஷ்பேக் நேரத்தில் காக்பிட்டுடன் இண்டர்காமில் பேச முடியவில்லை, உதவி தேவை

ரேம்ப்_புதியவன்:
அனைவருக்கும் வணக்கம். விமான நிலையத் தரைப்பணியில் இருக்கும் நான் அண்மையில்தான் புஷ்பேக் (புறப்படும் விமானத்தை இழுவண்டியால் பின்னோக்கித் தள்ளும்) குழுவில் ஹெட்செட் அணியும் பொறுப்புக்கு மாற்றப்பட்டேன். விமானத்தின் மூக்குப் பகுதியில் ஹெட்செட்டைச் செருகிப் பேசினால் கேட்பதில்லை. அழைப்புப் பொத்தானை அழுத்தினால் விமானி சன்னல் வழியாகக் கையை உயர்த்திக் காட்டுகிறார், ஆகவே இணைப்பு இருக்கத்தான் செய்கிறது. சில நாட்கள் இப்படி, சில நாட்கள் வேறு மாதிரி. பழுது ஹெட்செட்டிலா விமானத்திலா என்று தெரியவில்லை. இன்று இரவுப் பணி இருக்கிறது, விரைந்து பதில் தந்தால் பேருதவியாக இருக்கும்.

இழுவண்டிக்காரர்:
தம்பி, நீங்கள் எழுதியதை வைத்துக்கொண்டு எவராலும் எதுவும் சொல்ல முடியாது. எந்த விமானம்? "கேட்பதில்லை" என்றால் உங்களுக்கு விமானியின் குரல் கேட்பதில்லையா, விமானிக்கு உங்கள் குரல் கேட்பதில்லையா? ஹெட்செட் கம்பியுள்ளதா, வயர்லெஸ்ஸா? அதே ஹெட்செட் வேறு விமானத்தில் வேலை செய்கிறதா? "வேறு மாதிரி" என்பது எந்த மாதிரி? இவற்றைச் சொல்லுங்கள்.

செம்புக்கம்பி:
விவரம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இது மைக்கின் வகை சார்ந்த சிக்கல் என்றே எனக்குப் படுகிறது. பழைய காலத்து விமான மைக்குகள் கார்பன் துகள்களால் ஆனவை. அவற்றுக்கு விமானத்திலிருந்து சிறிய நேர்மின்னோட்டம் செல்ல வேண்டும். இன்றைய பயணிகள் விமான ஹெட்செட்டுகளில் கார்பன் இல்லை என்றாலும், உள்ளே இருக்கும் சிறு பெருக்கி அதே மின்னோட்டத்தைக் கொண்டுதான் இயங்குகிறது. ராணுவப் பயன்பாட்டுக்கான டைனமிக் மைக் அப்படியல்ல. அதன் வெளியீடு மிகவும் குறைவு, ஆகவே பயணிகள் விமானத்தில் அதைச் செருகினால் உங்களுக்கு எல்லாம் கேட்கும், உங்கள் குரல் மட்டும் போய்ச் சேராது. பழைய பொருட்களை வாங்கி விற்போரிடமிருந்து வந்த ஹெட்செட்டுகளில் இந்தக் கலப்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் ஹெட்செட்டின் மைக்கில் எழுதியிருக்கும் எண்ணை இங்கே பதியுங்கள்.

கடலோரன்:
மைக்கைவிட முதலில் ஜாக்கைத்தான், அதாவது ஹெட்செட்டைச் செருகும் துளையைத்தான் பார்க்க வேண்டும். அது இருக்கும் பலகை விமானத்தின் வயிற்றை ஒட்டிக் கீழே இருக்கிறது. மழை நீர், சக்கரம் வாரி அடிக்கும் சேறு, கடற்கரை நிலையமானால் உப்புக் காற்று எல்லாம் அதைத்தான் சேர்கின்றன. தொடுபரப்பு கறுத்துவிட்டால் செம்புக்கம்பி சொன்ன அதே மின்னோட்டம் தடைபட்டு, குரல் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. "சில நாட்கள் இப்படி, சில நாட்கள் வேறு மாதிரி" என்பது இதோடு அப்படியே பொருந்துகிறது.

இடதுஇருக்கை:
விமானியின் பக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் ஆடியோ பலகையில் இண்டர்போனை (இண்டர்காம் தடத்தை) தேர்ந்தெடுக்காமல், தரைக் கட்டுப்பாட்டு அலைவரிசையிலேயே மைக்கை வைத்துக்கொண்டு தரைக்குழுவிடம் பேசிவிடும் நிகழ்வு நடக்கக்கூடியதுதான். போயிங் 737-இல் இன்னொன்றும் உண்டு: ஆக்சிஜன் முகமூடியைச் சோதித்த பிறகு, அதன் மைக்குக்கு மாற்றிய சுவிட்ச் அப்படியே விடப்பட்டால், விமானி தம் ஹெட்செட்டில் எவ்வளவு பேசினாலும் கீழே எதுவும் கேட்காது. விமானி வாயசைப்பது தெரிந்தும் குரல் வரவில்லை என்றால், காதைக் காட்டிக் கையசைத்துத் தெரிவியுங்கள், அவர் தம் பலகையைப் பார்த்துக்கொள்வார்.

ஏவியானிக்ஸ்_மூத்தவர்:
மூன்று பேர் மூன்று மருந்து எழுதிவிட்டீர்கள், நோய் என்னவென்று கேட்டவர் ஒருவர்தான். தரைப்பணிக்கு வருபவர்கள் இண்டர்போன் அமைப்பின் அடிப்படையைப் படிக்காமலே ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறார்கள் என்பதற்கு இந்தப் பதிவே சான்று. அழைப்புப் பொத்தான் வேலை செய்வதால் குரல் இணைப்பும் இருக்கிறது என்று பதிவர் முடிவு செய்திருக்கிறார். அந்தப் பொத்தான் காக்பிட்டில் ஒரு மணியோசையையும் ஒரு விளக்கையும் இயக்குகிறது, அவ்வளவுதான்; அது தனிச் சுற்று, உங்கள் ஹெட்செட் செருகப்படாமலேயே இயங்கும். விமானத்தின் வகையைச் சொன்ன பிறகு மீதியைப் பேசலாம்.

ரேம்ப்_புதியவன்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். விமானம் போயிங் 737-800. கம்பியுள்ள ஹெட்செட். இருவருக்கும் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்பதில்லை. அதே ஹெட்செட்டை உடன் பணிபுரியும் அண்ணன் ஏர்பஸ் ஏ320-இல் பயன்படுத்தும்போது நன்றாக வேலை செய்கிறது. வேறு மாதிரி என்று சொன்னது எதுவென்றால், சில விமானங்களில் பணிப்பெண்கள் ஒருவரோடொருவர் பேசுவது தெளிவாகக் கேட்கிறது, ஆனால் விமானி பேசுவது கேட்பதில்லை. இரண்டு துளைகள் இருக்கின்றன, எதில் வேண்டுமானாலும் செருகலாம் என்று சொன்னார்கள்.

ஏவியானிக்ஸ்_மூத்தவர்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் ஒரே பதிலில் முடிந்திருக்கும். 737-இன் மூக்கின் வலப்புறத்தில் இருக்கும் வெளிமின்சாரப் பலகையில் ஒரு துளைக்குமேல் ஃப்ளைட் என்றும் மற்றொன்றுக்குமேல் சர்வீஸ் என்றும் எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஃப்ளைட் இண்டர்போன் விமானிகள் தமக்குள்ளும் தரைக்குழுவுடனும் பேசுவதற்கான தடம்; காக்பிட்டில் எந்தத் தனிச் சுவிட்சையும் இயக்காமலே அந்த ஜாக் உயிரோடு இருக்கும். சர்வீஸ் இண்டர்போன் பணிப்பெண்கள் கையில் பிடித்துப் பேசும் கருவிகளும் பராமரிப்புப் பணியாளர்களும் பயன்படுத்தும் தடம். விமானத்தின் வெளியே பல இடங்களில் அதற்கு ஜாக்குகள் உண்டு. அவை இயங்க வேண்டுமானால் காக்பிட்டில் தலைக்குமேல் இருக்கும் பின் மேற்பலகையில் சர்வீஸ் இண்டர்போன் சுவிட்சைப் போட வேண்டும். புறப்பாட்டுக்கு முந்தைய ஆயத்தத்தில் விமானிகள் அதை அணைத்து வைப்பதே முறை. அணைந்திருந்தால் நீங்கள் செருகிய துளை வெறும் உலோகம். பராமரிப்புப் பணிக்குப் பிறகு அணைக்காமல் விடப்பட்டிருந்தால் பணிப்பெண்களின் பேச்சு உங்கள் காதில் விழும். விமானியோ ஃப்ளைட் தடத்தில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார். ஆகவே பழுது எங்கும் இல்லை. துளையை மாற்றுங்கள்.

இடதுஇருக்கை:
மூத்தவர் சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் இரண்டு வகை விமானங்களிலும் பணிபுரிபவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள் என்பது அதில் இருக்கிறது. ஏ320-இல் சர்வீஸ் இண்டர்போன், சக்கரங்கள் தரையில் பதிந்து 10 வினாடிகளில் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். விமானம் ஜாக்கிகளின்மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும் நிலையிலும் அது இயங்க வேண்டும் என்றால் மட்டுமே மேற்பலகையில் உள்ள பொத்தானைத் தொட வேண்டியிருக்கும். ஆகவே அங்கே பழகியவருக்குத் தடங்களின் வேறுபாடு கண்ணில் படாது. நீங்கள் அழைக்கும் விதமும் மாறுகிறது: ஏ320-இல் பலகையிலிருந்து அழைத்தால் காக்பிட்டில் பஸ்ஸர் ஒலித்து, எங்கள் ஆடியோ பலகையில் மெக் (மெக்கானிக்) என்ற எழுத்து மஞ்சளாக மின்னும். நாங்கள் உங்களை அழைத்தால் வெளியே ஹார்ன் ஒலிக்கும், பலகையில் நீல விளக்கு எரியும். ஹார்ன் நின்ற பிறகும் அந்த விளக்கை நீங்கள் ரீசெட் செய்யும்வரை அது எரிந்துகொண்டே இருக்கும்.

இழுவண்டிக்காரர்:
மூத்தவருக்கு ஒரு வார்த்தை. தெரியாமல் கேட்டவரிடம் "படிக்காமலே மாட்டிக்கொள்கிறார்கள்" என்று பேசினால் அடுத்த முறை அவர் கேட்கவே மாட்டார். கேட்காமல் ஒரு புஷ்பேக்கை நடத்துவார். எதில் வேண்டுமானாலும் செருகலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம்தான் இந்தக் கோபம் செல்ல வேண்டும்.

வால்காற்று:
எனக்குப் புரியாத ஒன்று, இன்னும் ஏன் கம்பியுள்ள ஹெட்செட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? கம்பி இருந்தால் ஆள் மூக்குச் சக்கரத்தையும் டோ பாரையும் (விமானத்தை இழுவண்டியோடு இணைக்கும் தண்டு) ஒட்டியே நடக்க வேண்டியிருக்கிறது, அங்கேதான் கால் சிக்கும் ஆபத்து அதிகம். மின்னலின்போது விமானத்தோடு கம்பியால் பிணைக்கப்பட்டு நிற்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. வயர்லெஸ்ஸுக்கு மாறினால் இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒழியும்.

ஏவியானிக்ஸ்_மூத்தவர்:
ஒழியாது. வயர்லெஸ் ஹெட்செட்டின் அடிக்கருவியும் அதே ஜாக்கில்தான் செருகப்படுகிறது. அதைச் சர்வீஸ் துளையில் செருகினால் அதுவும் மௌனமாகத்தான் இருக்கும். அதற்குமேல் மின்கலம் தீர்வது, அடிக்கருவியுடன் இணை சேராமல் போவது ஆகிய புதிய சிக்கல்கள் வரும்.

வால்காற்று:
துளையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சக்கரத்திலிருந்து விலகி நடக்க முடிவதைச் சிறிய நன்மை என்று ஒதுக்கிவிட முடியாது. இறக்கையின் முனை எதிலும் இடிக்காமல் வருகிறதா என்பதையும் விலகி நின்றால்தான் பார்க்க முடியும்.

கடலோரன்:
மின்னல் விஷயத்தில் வால்காற்று பாதிதான் சரி. கம்பி இல்லாதபோது விமானத்தில் இறங்கும் மின்னல் உங்கள் காது வழியாகப் பாயும் வாய்ப்புக் குறைகிறது, உண்மை. ஆனால் திறந்த ரேம்ப்பில் (விமானம் நிற்கும் தளத்தில்), அத்தனை பெரிய உலோக உடலுக்கு அருகில் நிற்பதே ஆபத்துதான். மின்னல் எச்சரிக்கை வந்தால் ஆட்கள் உள்ளே போக வேண்டும். எந்த ஹெட்செட் என்பது அங்கே கேள்வியே இல்லை.

செம்புக்கம்பி:
இண்டர்காம் இல்லாவிட்டாலும் கையசைவுகளால் புஷ்பேக் செய்யலாம், முன்பு அப்படித்தான் செய்தார்கள். ஆனால் என்ஜினில் தீ என்று கையால் எப்படிச் சொல்வீர்கள்?

இடதுஇருக்கை:
அதற்கும் சைகை உண்டு. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இரண்டாம் இணைப்பு ஆவணத்தில், ஒரு கையால் தீயுள்ள இடத்தைச் சுட்டிக்கொண்டு, மறு கையைத் தோளிலிருந்து முழங்கால்வரை விசிறுவதுபோல அசைப்பது தீக்கான சைகை. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, பிறகு இரு காதுகளையும் மூடுவது இண்டர்போனில் பேசலாம் என்பதற்கு. திறந்த உள்ளங்கையை முட்டியாக மடக்கினால் பிரேக் போடு, முட்டியை விரித்தால் பிரேக்கை விடு. பிரேக் சைகை காட்டியவர் விமானி கட்டை விரலை உயர்த்தும்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது. ஆனால் சைகையால் கேள்வி கேட்க முடியாது, காரணம் சொல்ல முடியாது. ஆகவே இண்டர்காம் இல்லாமல் தள்ளுவதாக இருந்தால், சைகைகளையும் எந்தத் திசையில் தள்ளுவது என்பதையும் கதவு மூடும் முன்பே இரு தரப்பும் நேரில் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் நிறுவனத்தின் கையேடு அனுமதித்தால் மட்டுமே அப்படிச் செய்யலாம்.

ரேம்ப்_புதியவன்:
நேற்று இரவு ஃப்ளைட் துளையில் செருகியதும் விமானியின் குரல் தெளிவாகக் கேட்டது. எல்லோருக்கும் நன்றி. என் குரல் மட்டும் கரகரப்பாக இருக்கிறது, ஏபியூ (விமானத்தின் வாலில் உள்ள துணை என்ஜின்) இரைச்சலும் சேர்ந்து வருகிறது என்று விமானி சொன்னார். பணிக்குக் கிளம்புகிறேன்.

செம்புக்கம்பி:
நான் சொன்னேன் அல்லவா, மைக் எண்ணைப் பதியுங்கள்.

இழுவண்டிக்காரர்:
எண்ணைத் தேடும் முன் தம்பி இதைச் செய்து பார்க்கட்டும். இரைச்சல் நீக்கும் மைக்குக்கு வாயை நோக்க வேண்டிய பக்கம் என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் அதன்மேல் குறியிட்டிருப்பார்கள். அது வெளிப்புறம் திரும்பியிருந்தால், அல்லது உதட்டிலிருந்து விலகியிருந்தால், ஏபியூவின் ஓசையைத்தான் அது முதலில் எடுக்கும். உதட்டைத் தொடும் அளவுக்கு அருகில் வைத்து, பேசும்போது மட்டும் பொத்தானை அழுத்துங்கள்; அழுத்தியபடியே நடந்தால் ரேம்ப்பின் இரைச்சல் முழுவதையும் விமானி கேட்க வேண்டியிருக்கும், தரைக் கட்டுப்பாட்டிலிருந்து அவருக்கு வரும் அழைப்பும் அதில் மூழ்கிவிடும். இவ்வளவுக்குப் பிறகும் கரகரப்பு நீடித்து, வேறொரு ஹெட்செட்டிலும் அதே ஜாக்கில் அப்படியே இருந்தால், கடலோரன் சொன்ன கறுத்த தொடுபரப்பாக இருக்கலாம். அப்போது நீங்களே எதையும் தெளித்துத் துடைக்க வேண்டாம். விமானத்தின் பதிவெண்ணைக் குறித்துக்கொண்டு பொறியாளரிடம் சொல்லுங்கள், அவர் குறிப்பேட்டில் எழுதிச் சரிசெய்வார்.