மறுமொழி: ‘டைம் ஸ்லிப்’ – காலவழுக்கல் என்றால் என்ன குறை?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ‘ஜின்’ என்ற மங்காவுக்கு (ஜப்பானியப் படக்கதை) நாம் தமிழில் எழுதும் அறிமுகத்தில், ஒருவர் எதிர்பாராமல் வேறொரு காலத்தில் போய் விழுவதைக் குறிக்கும் ‘டைம் ஸ்லிப்’ என்பதைக் ‘காலப்பயணம்’ என்றே போட்டுவிடலாம் என்று ஐயா நேற்று எழுதியிருந்தார். இதில் எனக்கு உடன்பாடில்லை. ‘காலவழுக்கல்’ என்பதே என் முன்மொழிவு.

பயணம் என்றால் புறப்படுகிறவர் ஒருவர் வேண்டும். மூட்டை கட்டுவார், போகும் ஊரைத் தெரிந்துவைத்திருப்பார், திரும்பும் நாளைக் குறித்துக்கொள்வார். முராகாமி மோத்தோகாவின் கதையில் மினகாதா ஜின் அப்படியா போனார்? தோக்கியோவில் மூளை அறுவை மருத்துவர் அவர். அடையாளம் தெரியாத ஒரு நோயாளியின் தலைக்குள்ளிருந்து கருவின் வடிவத்தில் இருந்த கட்டியை எடுக்கிறார். அந்த நோயாளி மருத்துவமனையிலிருந்து தப்ப முயல்கிறார். படிக்கட்டில் இழுபறி, ஜின்னின் கால் வழுக்குகிறது. கண் விழிக்கும்போது 1862ஆம் ஆண்டின் எடோ நகரத்தில், அதாவது பழைய தோக்கியோவில், கிடக்கிறார். 2009இலும் 2011இலும் ஜப்பானின் டிபிஎஸ் அலைவரிசை ஒளிபரப்பிய தொலைக்காட்சித் தொடர், மங்காவில் இல்லாத காதலியை ஜின்னுக்குச் சேர்த்தது. 2012இல் வந்த கொரியத் தொடர் களத்தையே சோசன் நாட்டுக்கு, அதாவது பழைய கொரியாவுக்கு, மாற்றியது. ஆனாலும் மருத்துவர் தாமாக விரும்பிப் போவது எதிலும் இல்லை. நாம் ஆக்கும் சொல்லில் அந்த விருப்பமின்மை தெரிய வேண்டும்.

‘காலநழுவல்’ என்று அம்மையார் சொன்னது அழகான சொல்தான். ஆனால் ‘கூட்டத்திலிருந்து நழுவிவிட்டான்’ என்னும்போது நழுவியவனுக்கு அதில் எண்ணம் இருக்கிறது. ‘சறுக்கல்’ என்றால் தேர்தலில் கட்சிக்கு நேர்ந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வழுக்கி விழுவதில் எண்ணமும் இல்லை, பின்னடைவும் இல்லை. ஆகவே காலவழுக்கல். ‘கால் வழுக்கல்’ என்று காதில் விழுமே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். விழட்டும். ஜின்னுக்கு நேர்ந்ததே அதுதானே.

இந்தக் கதையை வைத்துக் கலைச்சொல் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஜின் போய் விழும் அதே எடோவில்தான் 1774இல் மருத்துவர் சுகிதா கென்பாக்குவும் நண்பர்களும் டச்சு மொழியிலிருந்த உடற்கூற்று நூலை ‘கைத்தாய் ஷின்ஷோ’ என்று மொழிபெயர்த்தார்கள். மூன்று வழிகளை வகுத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே சொல் இருந்தால் அதையே எடுத்தார்கள். இல்லாதபோது பொருளைப் பார்த்துப் புதிதாக ஆக்கினார்கள். அதுவும் முடியாவிட்டால் ஒலியை அப்படியே எழுதினார்கள். குருத்தெலும்புக்கு ‘மென்மை’, ‘எலும்பு’ என்று பொருள்தரும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தார்கள். நம் குருத்தெலும்பும் ஏறத்தாழ அதே பார்வையில் பிறந்ததுதான். நரம்புக்கு அவர்கள் ஆக்கிய ‘ஷின்கெய்’ இன்றும் ஜப்பானியரின் அன்றாடச் சொல்.

சுரப்பிக்கு மட்டும் சொல் அகப்படவில்லை. டச்சு ஒலியையே எழுதி வைத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1805இல், உதகாவா கென்ஷின் என்ற மருத்துவர் தம் நூலில் அதற்கென ஓர் எழுத்தையே புதிதாகப் படைத்தார். இடப்பக்கம் தசையைக் குறிக்கும் உறுப்பு, வலப்பக்கம் ஊற்று. தசைக்குள் ஓர் ஊற்று! நாம் ‘சுரப்பி’ என்கிறோம். ஊற்று சுரக்கும், மடி சுரக்கும். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மொழிகள் ஒரே நீரைப் பார்த்திருக்கின்றன. எடோவில் ஜின்னுக்குத் துணை நிற்கும் மருத்துவர் ஒகாத்தா கோவான் வரலாற்றில் வாழ்ந்தவர். இந்தக் கென்ஷினிடம் பாடம் கேட்டவர்.

இனி என் இரண்டாவது முன்மொழிவு. ஒரு காலத்துக்குரியதை வேறொரு காலத்தில் வைத்துக் காட்டும் ‘அனக்ரோனிசம்’ என்பதற்குக் ‘காலமுரண்’ போதும் என்கிறார்கள். நம் இலக்கணத்தில், காலத்தைப் பிழையாகச் சொல்வதைக் குறிக்கும் காலவழு என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறதே. நன்னூல் சொல்லும் ஏழு வழுக்களில் அதுவும் ஒன்று. அந்த நூல் காலம் பிறழ்வதற்கு அமைதியும், அதாவது அந்தப் பிழையை ஏற்கும் இடமும், சொல்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை வாசலிலிருந்து நண்பர் கூப்பிடுகிறார். இன்னும் கை கழுவவில்லை. ஆனால் ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறார். விரைவு கருதி இது பொருந்தும் என்கிறது இலக்கணம்.

ஜின் செய்யும் பெனிசிலினை இந்தக் கண்ணோடு பாருங்கள். அரிசி களைந்த நீரிலும் கிழங்கு வேகவைத்த நீரிலும் நீலப் பூஞ்சையை வளர்க்கிறார்கள். வடிகட்டுகிறார்கள், கடுகின எண்ணெய் ஊற்றிக் கலக்கிப் பிரிக்கிறார்கள், மருந்தைக் கரித்தூளில் பிடித்துவைக்கிறார்கள். அந்த இடத்தில் மங்கா ஒரு செய்முறைப் புத்தகம் போலப் பொறுமையாக நடக்கிறது. பிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928இல். கதையில் அது 66 ஆண்டுகள் முந்தி வருகிறது. வரலாற்றின்படி காலவழு. ஆனால் கதை அதற்குக் காரணம் காட்டி நம்மை ஏற்க வைக்கிறது. எழுத்தாளர் அறியாமல் செய்த பிழையைக் காலவழு என்றும், அறிந்தே செய்து பொருத்திக் காட்டுவதைக் காலவழுவமைதி என்றும் பிரித்து வழங்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

மாணவர்கள் இலக்கணச் சொல்லோடு குழப்பிக்கொள்வார்கள் என்ற அச்சம் எனக்கில்லை. ‘வழக்கு’ நீதிமன்றத்திலும் இருக்கிறது, இலக்கணத்திலும் இருக்கிறது, யாரும் தடுமாறுவதில்லை.

‘மங்கா’வை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. சுகிதாவின் மூன்றாம் வழி அதற்குப் போதும். வாந்திபேதி பரவும் பகுதியில் வரும் ‘கொரோரி’யையும் அப்படியே விடலாம். காலராவின் ஒலியைத் தழுவிய அந்தப் பெயருக்குத் திடீரெனச் செத்து விழுவது என்றும் பொருள். புலி, ஓநாய், கழிச்சல் என்ற மூன்று எழுத்துகளாலும் அதை எழுதினார்கள். தமிழில் ஓர் அடிக்குறிப்பு போட்டால் போதும்.

‘காலவழுக்கல்’ வினையாக எப்படி நிற்கிறது என்று பார்க்க ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: ‘காலம் வழுக்கி எடோவில் விழுந்த மருத்துவர்.’ எனக்கு இயல்பாகவே படுகிறது. உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அறிமுகம் அச்சுக்குப் போகும் முன் திருத்த இன்னும் நேரமிருக்கிறது.

அன்புடன்,
குழு உறுப்பினன்